எல்லா நிலைமாற்றங்களையும் கடந்த சோதனையிலும் பிழை தப்புவது ஏன்? முடிவுறு நிலைப்பொறியிலிருந்து டெஸ்ட் கேஸ் உருவாக்குவது குறித்து

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒரு மென்பொருளின் உள்நுழைவுப் பகுதியை முடிவுறு நிலைப்பொறியாக, அதாவது ஃபைனைட் ஸ்டேட் மெஷினாக (சில நிலைகளும், ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் என்ன பதில் தந்து எந்த நிலைக்கு மாறவேண்டும் என்ற விதிகளும் கொண்ட மாதிரியாக) வரைந்து, அந்த வரைபடத்திலிருந்து டெஸ்ட் கேஸ்களைத் தானாக உருவாக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிவருகிறேன். அதில் எழுந்த ஓர் ஐயத்தை இங்கே முன்வைக்கிறேன்.

மாதிரியில் நான்கு நிலைகள் உள்ளன. தவறான முயற்சி எதுவும் கணக்கில் இல்லாதது நிலை 0. ஒருமுறை தவறியிருந்தால் நிலை 1. இருமுறை தவறியிருந்தால் நிலை 2. மூன்றாம் முறையும் தவறினால் கணக்கு பூட்டப்படும், அது நிலை 3. உள்ளீடுகள் மூன்று: சரியான கடவுச்சொல்லை ‘சரி’ என்றும், தவறான கடவுச்சொல்லை ‘தவறு’ என்றும், நிர்வாகி அனுப்பும் திறப்பாணையைத் ‘திற’ என்றும் குறிக்கிறேன்.

நிலை 0, 1, 2 ஆகிய மூன்றிலும் ‘சரி’ வந்தால் ‘அனுமதி’ என்ற பதிலோடு பொறி நிலை 0-க்குத் திரும்பும்; உள்ளே நுழைந்தபின் நடப்பவை இந்த மாதிரியில் இல்லை. ‘தவறு’ வந்தால் நிலை 0, 1 ஆகியவற்றில் ‘மறுப்பு’ என்ற பதில் வந்து எண்ணிக்கை ஒன்று கூடும்; நிலை 2-இல் ‘பூட்டு’ என்ற பதிலோடு நிலை 3-க்குச் செல்லும். இம்மூன்று நிலைகளிலும் ‘திற’ வந்தால் ‘தேவையில்லை’ என்று பதில் வரும், நிலை மாறாது. நிலை 3-இல் ‘சரி’, ‘தவறு’ இரண்டுக்கும் ‘பூட்டு’ என்பதே பதில், அங்கும் நிலை மாறாது. ‘திற’ வந்தால் மட்டும் ‘திறந்தது’ என்ற பதிலோடு நிலை 0-க்குத் திரும்பும். ஆக மொத்தம் 12 நிலைமாற்றங்கள்.

என் நிரல் இந்த 12 நிலைமாற்றங்களையும் ஒருமுறையேனும் கடந்துவரும் ஒரே பயணத்தை உருவாக்குகிறது. அது இவ்வாறு அமைந்தது: திற, சரி, தவறு, திற, தவறு, திற, சரி, தவறு, தவறு, தவறு, சரி, தவறு, திற, தவறு, சரி. மொத்தம் 15 உள்ளீடுகள்.

இந்தப் பயணத்தின் வலிமையை அறிய, செயல்படுத்தப்பட்ட நிரலில் வேண்டுமென்றே ஒரு பிழையை விதைத்தேன். நிலை 1-இல் சரியான கடவுச்சொல் வந்தால் ‘அனுமதி’ என்ற பதில் சரியாகவே வருகிறது, ஆனால் தவறிய எண்ணிக்கை பூஜ்யமாகாமல் ஒன்றிலேயே நின்றுவிடுகிறது. பயனருக்கு உண்மையான தொல்லை தரும் பிழை இது. இருந்தும் 15 உள்ளீடுகளுக்கும் எதிர்பார்த்த பதில்களே வந்தன, சோதனை தேறியது. எல்லா நிலைமாற்றங்களையும் கடந்துவிட்டோம் என்ற அளவுகோல் 100 விழுக்காடு காட்டும்போதும் இப்படிப்பட்ட பிழை தப்புகிறதென்றால், அந்த அளவுகோலை எந்த அளவுக்கு நம்புவது? உறுதியளிக்கக்கூடிய முறை ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் அதற்கு எத்தனை சோதனைகள் தேவைப்படும்?

முதல் பதில்

வணக்கம். உங்கள் பயணத்தில் குறை எதுவுமில்லை. இந்த வரைபடத்தில் நிலை 0-இலிருந்து வெளியே செல்லும் வழி ஒன்றே, அதற்குள் வந்துசேரும் வழிகளோ மூன்று. ஆகவே நிலை 0-இலிருந்து நிலை 1-க்குச் செல்லும் மாற்றத்தை மூன்று முறையும், நிலை 1-இலிருந்து நிலை 2-க்குச் செல்வதை இரண்டு முறையும் கடந்தே ஆகவேண்டும். 12 நிலைமாற்றங்களோடு அந்த மூன்று மறுகடப்புகளும் சேர்ந்தால் 15. எல்லாவற்றையும் கடக்கும் மிகக் குறுகிய பயணம் இதுதான். இத்தகைய பயணத்தைக் கண்டறிவதற்குச் சீன அஞ்சல்காரர் சிக்கல் என்று பெயர். 1960-இல் குவான் மெய்-கோ அதை முன்வைத்தார்.

குறை அளவுகோலில் இருக்கிறது. ஒரு நிலைமாற்றத்தில் இரண்டு வகைப் பிழைகள் நேரலாம். பதிலே தவறாக வருவது ஒன்று. பதில் சரியாக இருந்து, சென்றுசேரும் நிலை தவறுவது மற்றொன்று. முன்னதை ‘அவுட்புட் ஃபால்ட்’ என்றும், பின்னதை ‘டிரான்ஸ்ஃபர் ஃபால்ட்’ என்றும் சொல்வார்கள். நிலைமாற்றப் பயணம் முதல் வகையை நன்றாகப் பிடிக்கும். இரண்டாம் வகையை, அடுத்து வரும் உள்ளீடுகள் தற்செயலாகக் காட்டிக்கொடுத்தால் மட்டுமே பிடிக்கும். நீங்கள் விதைத்த பிழை உங்கள் பயணத்தின் கடைசி அடியில் இருக்கிறது. அதன்பின் பொறி எங்கே நிற்கிறது என்று கேட்க ஓர் உள்ளீடுகூட மிச்சமில்லை.

அதே 12 நிலைமாற்றங்களை அதே 15 உள்ளீடுகளில் வேறு வரிசையில் கடந்து பாருங்கள்: திற, சரி, தவறு, திற, சரி, தவறு, தவறு, திற, சரி, தவறு, தவறு, தவறு, சரி, தவறு, திற. இப்போது ஏழாவது உள்ளீட்டில் ‘மறுப்பு’ வரவேண்டிய இடத்தில் ‘பூட்டு’ வந்து, உங்கள் பிழை சிக்கிக்கொள்ளும். ஆனால் கணக்கைத் திறந்தபின் நிலை 0-க்குப் பதிலாக நிலை 1-க்குச் செல்லும் வேறொரு பிழையை இந்த வரிசை தவறவிடும், ஏனென்றால் இம்முறை திறப்பாணைதான் கடைசி அடி. இரண்டு பயணங்களுக்கும் அளவுகோல் ஒன்றுபோலவே 100 காட்டும்.

இரண்டாம் பதில்

முந்தைய பதிலில் சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன். கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, அதாவது உறுதியளிக்கும் முறை இருக்கிறதா என்பதற்கு, சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். இந்தத் துறையின் மிக அழகான முடிவு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நிலைமாற்றத்தைக் கடப்பது பாதி வேலைதான். கடந்தபின் பொறி எந்த நிலையில் நிற்கிறது என்று உறுதிசெய்வது மறுபாதி. பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை என்று வைத்துக்கொண்டால், நிலையை அறிய ஒரே வழி, மேலும் சில உள்ளீடுகளைக் கொடுத்து வரும் பதில்களைக் கவனிப்பதுதான். எந்த இரு நிலைகளை எடுத்துக்கொண்டாலும், அவற்றுள் வேறுபட்ட பதிலை வரவழைக்கும் ஒரு வரிசையாவது உள்ளடங்கிய தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறோம். அதைத்தான் டபிள்யூ தொகுப்பு என்கிறார்கள். பொறியில் ஒரேமாதிரி நடந்துகொள்ளும் இரட்டை நிலைகள் இல்லாதவரை, அதாவது அது சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும்வரை, இத்தகைய தொகுப்பு எப்போதும் கிடைக்கும். மொத்தம் n நிலைகள் கொண்ட பொறிக்கு அதிகபட்சம் n−1 வரிசைகள் போதும், ஒவ்வொன்றின் நீளமும் n−1-ஐத் தாண்டவேண்டியதில்லை. இந்த அடிப்படையில் சோதனைகளை உருவாக்கும் முறையை வாசிலெவ்ஸ்கி 1973-இலும், சௌ 1978-இலும் வெளியிட்டனர். சௌவின் கட்டுரை மென்பொருள் வடிவமைப்பைச் சோதிப்பதையே நேரடியாகப் பேசியதால், மென்பொருள் உலகில் அவர் பெயரோடுதான் டபிள்யூ முறை அதிகம் அறியப்படுகிறது.

உங்கள் பொறிக்கு ஒரு நற்பேறு உண்டு. ‘திற, தவறு, தவறு’ என்ற ஒரே வரிசை நான்கு நிலைகளையும் பிரித்துக் காட்டிவிடுகிறது. நிலை 0-இல் அதற்கு வரும் பதில் ‘தேவையில்லை, மறுப்பு, மறுப்பு’. நிலை 1-இல் ‘தேவையில்லை, மறுப்பு, பூட்டு’. நிலை 2-இல் ‘தேவையில்லை, பூட்டு, பூட்டு’. நிலை 3-இல் ‘திறந்தது, மறுப்பு, மறுப்பு’. நான்கும் வெவ்வேறு. இதை வேறுபடுத்தும் வரிசை என்பார்கள்; நிலையை அடையாளம் காட்டுவதால் அடையாள வரிசை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். எல்லாப் பொறிகளுக்கும் இப்படி ஒற்றை வரிசை அமைவதில்லை. அமையுமா என்று கண்டறிவதே பொதுவாகக் கடினமான கணக்கு. பதிலைப் பார்த்து அடுத்த உள்ளீட்டை மாற்றிக்கொள்ளும் தகவமை வரிசை இருக்கிறதா என்பதை மட்டும் விரைவாகக் கண்டறியலாம் என்று லீயும் யன்னகாக்கிஸும் 1994-இல் காட்டினர்.

இனி சோதனைகளை அமைப்போம். ஒவ்வொரு சோதனையும் நிலை 0-க்கு மீட்டமைத்த பிறகே தொடங்கும். நான்கு நிலைகளையும் அடையும் வழிகள்: எதுவும் கொடுக்காமல் இருப்பது, ஒரு ‘தவறு’, இரு ‘தவறு’, மூன்று ‘தவறு’. ஒவ்வொரு நிலையை அடைந்தபின்னும் மூன்று உள்ளீடுகளில் ஒன்றைக் கொடுத்தால் 12 வழிகள். எதுவும் கொடுக்காத தொடக்க வழியையும் சேர்த்தால் 13. இந்த 13 வழிகளின் இறுதியிலும் ‘திற, தவறு, தவறு’ என்ற வரிசையை ஒட்டுங்கள். 13 சோதனைகள், மொத்தம் 69 உள்ளீடுகள். நீங்கள் விதைத்த பிழையை ‘தவறு, சரி, திற, தவறு, தவறு’ என்ற சோதனை பிடிக்கும்: கடைசி அடியில் ‘மறுப்பு’ வரவேண்டும், ‘பூட்டு’ வரும்.

இதில் ஓர் ஐயம் எழலாம். பிழையுள்ள நிரலில் அந்த அடையாள வரிசையும் கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? இங்கேதான் முறையின் நுட்பம் இருக்கிறது. நான்கு அடைவு வழிகளின் இறுதியிலும் அதே வரிசையை ஒட்டுவதால், செயல்படுத்தப்பட்ட நிரலிலும் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைகள் உள்ளன என்பது முதலில் நிறுவப்படுகிறது. அந்த நிரலில் நான்குக்கு மேற்பட்ட நிலைகள் இல்லையென்றால், அந்த நான்குதான் எல்லாமே. ஆகவே அடையாள வரிசை அங்கும் பிழையற அடையாளம் காட்டும். அதன்பின் ஒவ்வொரு நிலைமாற்றத்தின் முடிவும் ஐயமின்றிச் சரிபார்க்கப்படுகிறது. 13 சோதனைகளும் தேறினால் நிரல் மாதிரிக்குச் சமம் என்பது நிரூபணமாகவே கிடைக்கிறது. 1988-இல் சப்னானியும் தஹ்பூராவும் முன்வைத்த யூ.ஐ.ஓ. முறை ஒவ்வொரு நிலைக்கும் தனி அடையாள வரிசையை வைத்துக்கொண்டு சோதனையைச் சுருக்குகிறது, கணினிகளுக்கிடையிலான தொடர்பு நெறிமுறைகளைச் சோதிப்பதில் பெரிதும் பயன்பட்டது. ஆனால் பிழையுள்ள நிரலில் அந்த வரிசை தனித்தன்மையை இழந்துவிடக்கூடும் என்பதைத் தனியே சரிபார்க்காவிட்டால், மேற்சொன்ன உறுதி அதற்குக் கிடையாது.

கேட்டவர்

மிக்க நன்றி. 12 நிலைமாற்றங்களில் ஒவ்வொன்றின் சேரிடத்தையும் மற்ற மூன்று நிலைகளுக்கு மாற்றிப் பார்த்தால் 36 பிழைகள் கிடைக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரு பிழை என்று விதைத்து ஓட்டியதில், 13 சோதனைகளின் தொகுப்பு அனைத்தையும் பிடித்துவிட்டது. ஆனால் உடனே மற்றொரு பிழையை விதைத்தேன்: கணக்கு முதல்முறை பூட்டப்பட்டால் திறப்பாணை வேலை செய்கிறது; திறந்தபின் மீண்டும் பூட்டப்பட்டால் எந்தத் திறப்பாணைக்கும் அது திறப்பதில்லை. இதை 13 சோதனைகளும் தவறவிட்டன. நிரூபணம் இருக்கிறதென்றால் இது எப்படி நேர்கிறது? இன்னொன்றையும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன். உண்மையான அமைப்பில் குறிப்பிட்ட நேரம் கழிந்தால் பூட்டு தானாகவே திறக்கும். அதை என் மாதிரியில் எங்கே வைப்பது?

மூன்றாம் பதில்

உங்கள் இரண்டாம் பிழை நிரூபணத்தின் நிபந்தனையை மீறுகிறது. முன்னர் ஒருமுறை பூட்டப்பட்டதா இல்லையா என்பதை அந்த நிரல் நினைவில் வைத்திருக்கிறது. ஆகவே அதற்குள் நான்கு நிலைகளுக்குப் பதிலாக எட்டு இருக்கின்றன: பூட்டு வரலாறு இல்லாத நான்கு, வரலாறு உள்ள நான்கு. நான்கு நிலைகளுக்குமேல் இல்லை என்று எடுத்துக்கொண்டு அமைத்த சோதனைகள் எட்டு நிலைகள் உள்ள நிரலைப் பற்றி எந்த உறுதியும் தர இயலாது. நிலைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பை முன்கூட்டியே ஏற்காமல் எந்த முடிவுள்ள சோதனையாலும் பெட்டிக்குள் இருக்கும் பொறியை இன்னதுதான் என்று நிறுவ முடியாது. எத்தனை நீளமான சோதனையைத் தந்தாலும், அதன் முடிவு வரை ஒழுங்காக நடந்து, அதன்பின் மாறிவிடும் பொறியொன்றை எப்போதும் அமைத்துக்காட்டலாம். மூர் 1956-இல் தம் சிந்தனைச் சோதனைகள் பற்றிய கட்டுரையில் தொட்ட அடிப்படை எல்லை இது.

டபிள்யூ முறை இதற்கும் இடம் வைத்திருக்கிறது. கூடுதலாக ஒரு நிலை இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டால், நிலைமாற்றத்துக்கும் அடையாள வரிசைக்கும் நடுவே எல்லா உள்ளீடுகளையும் ஒருமுறை நுழைக்கவேண்டும். இரு நிலைகள் கூடுதல் என்றால் இரண்டு உள்ளீடுகள் கொண்ட எல்லா வரிசைகளையும் நுழைக்கவேண்டும். உங்கள் பொறிக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். கூடுதல் நிலை இல்லையென்றால் 13 சோதனைகள்; ஒன்று என்றால் 40; இரண்டு என்றால் 121; மூன்று என்றால் 364. ஒவ்வொரு கூடுதல் நிலைக்கும், உள்ளீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவுக்கு ஏறத்தாழ வளர்கிறது. இங்கே மூன்றே உள்ளீடுகள் என்பதால் தாங்குகிறது. 20 உள்ளீடுகள் கொண்ட இடைமுகத்தில் இரண்டு கூடுதல் நிலைகளுக்கே சோதனைகள் கைமீறிப் போய்விடும். உங்கள் பிழையை 121 சோதனைகளும்கூடத் தவறவிடும். 364 கொண்ட தொகுப்பில் ‘தவறு, தவறு, தவறு, திற, தவறு, தவறு, தவறு, திற, தவறு, தவறு’ என்ற சோதனை அதைப் பிடிக்கும். டபிள்யூ-பி, ஹெச்.எஸ்.ஐ., ஹெச் போன்ற பிற்கால முறைகள் அதே உறுதியைக் குறைந்த நீளத்தில் தருகின்றன. ஆனால் கூடுதல் நிலைகளால் வரும் அடுக்கு வளர்ச்சியை அவையும் ஒழித்துவிடுவதில்லை.

எனவே கூடுதல் நிலைகளின் எண்ணிக்கையைக் கண்மூடித்தனமாக ஏற்றிக்கொண்டே போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மாறாக, நிரலில் நினைவு எங்கெங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்று தேடுங்கள். தரவுத்தளத்தில் அந்தக் கணக்கோடு தொடர்புடைய புலங்கள் எவை? தவறிய எண்ணிக்கை, பூட்டிய நேரம், கடைசியாகத் திறந்தவர், பூட்டிய தடவைகள் என்று புலங்கள் இருந்தால், அவை ஒவ்வொன்றும் உங்கள் மாதிரியில் இல்லாத நிலைகளை உருவாக்க வல்லவை. அப்படிப்பட்ட புலம் கண்ணில் பட்டால் அதை மாதிரிக்குள் கொண்டுவருவதே சரியான வழி. எட்டு நிலைகள் கொண்ட மாதிரிக்குக் கூடுதல் நிலை இல்லாத டபிள்யூ தொகுப்பு, நான்கு நிலைகள் கொண்ட மாதிரிக்கு நான்கு கூடுதல் நிலைகளோடு அமைக்கும் தொகுப்பைவிட மிகமிகச் சிறியது. அதோடு, அந்த எட்டு நிலைகளும் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதை வடிவமைத்தவரிடம் கேட்டுத் தெளிவாக எழுதவேண்டிய கட்டாயமும் வரும். பிழைகளில் கணிசமானவை அந்த உரையாடலிலேயே வெளிவந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

நான்காம் பதில்

மேலே சொன்னவற்றோடு நடைமுறையில் உதவும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில் மீட்டமைப்பு. 13 சோதனைகளுக்கும் 13 முறை பொறி நிலை 0-க்குத் திரும்பவேண்டும். நினைவகத்தில் ஓடும் பொருளென்றால் அது ஒரு வரி. தரவுத்தளம், பின்னணிப் பணிகள் எல்லாம் சேர்ந்த அமைப்பென்றால் மீட்டமைப்புதான் சோதனை நேரத்தின் பெரும்பகுதியை விழுங்கும். அத்தகைய இடங்களில், ஒவ்வொரு சோதனைக்கும் புதிய பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்வது பெரும்பாலும் மலிவான, நம்பத்தக்க மீட்டமைப்பாக அமையும். பழைய கணக்கையே துடைத்துப் பயன்படுத்தினால், துடைக்கும் நிரலிலுள்ள பிழை எல்லாச் சோதனைகளையும் பொய்யாக்கிவிடும்.

அடுத்து, நிலையை நேரடியாகப் படித்துச்சொல்லும் ஆய்வு இடைமுகம் ஒன்று இருந்தால் அடையாள வரிசை ஒரே உள்ளீடாகச் சுருங்கும். ஆனால் அது காட்டும் எண் உண்மையில் முடிவெடுக்கும் மாறியிலிருந்தே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். காட்டுவதற்கு ஒரு மாறி, முடிவெடுக்க வேறொரு மாறி என்று இருந்தால், காட்டப்படும் நிலை எப்போதும் சரியாகவே இருக்க, நடத்தை மட்டும் தவறும். ஆகவே அத்தகைய இடைமுகம் இருந்தாலும் சில சோதனைகளிலாவது ‘திற, தவறு, தவறு’ என்பதை வைத்திருப்பது நல்லது.

கருவிகளைப் பொறுத்தவரை, கிராஃப்வாக்கர் போன்றவை வரைபடத்தின் நிலைமாற்றங்களைக் கடக்கும் பாதைகளை உருவாக்கித் தருபவை. அடையாள வரிசையை ஒட்டுவது உங்கள் பொறுப்பு. ஜாவாவில் உள்ள ஆட்டமேட்டாலிப் நூலகத்தில் டபிள்யூ, டபிள்யூ-பி ஆகிய இரு முறைகளும் ஆயத்தமாக உள்ளன. பைத்தானில் ஹைப்போதெசிஸ் நூலகத்தின் நிலைசார் சோதனை வசதி தற்செயல் வரிசைகளை உருவாக்கி, பிழை கிடைத்தால் அந்த வரிசையைத் தானே சுருக்கித் தரும். அது நிரூபணம் எதையும் தராது. ஆனால் இரண்டாம் முறை பூட்டுவது போன்ற நீண்ட வரிசைப் பிழைகளை அது தற்செயலாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. என் தேர்வு இரண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான்: உறுதிக்கு டபிள்யூ தொகுப்பு, மாதிரிக்கு வெளியே இருப்பவற்றுக்கு நீண்ட தற்செயல் வரிசைகள்.

நேரம் கழிந்தால் திறப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘கெடு முடிந்தது’ என்பதை நான்காவது உள்ளீடாக மாதிரியில் சேர்த்துவிடுங்கள். நிலை 3-இல் அது வந்தால் நிலை 0-க்குச் செல்லவேண்டும்; மற்ற மூன்று நிலைகளில் அது வந்தால் என்ன நடக்கவேண்டும் என்பதை வடிவமைப்பிலிருந்து தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் தவறிய எண்ணிக்கையும் நேரம் கழிந்தால் பூஜ்யமாகுமா என்பது பலமுறை எழுதப்படாமலேயே விடப்படும் விதி. சோதனையில் உண்மையாகவே காத்திருக்கவேண்டாம். நிரல் நேரத்தைக் கணினியின் கடிகாரத்திலிருந்து நேரடியாகப் படிக்காமல், வெளியிலிருந்து கொடுக்கப்படும் கடிகாரப் பொருளொன்றிலிருந்து படிக்கும்படி மாற்றினால், அந்த உள்ளீட்டைக் கொடுப்பது என்பது கடிகாரத்தைக் கெடுவுக்கு அப்பால் நகர்த்துவது மட்டுமே. கெடு முடிவதற்கு ஒரு நொடி முன்பும், சரியாக முடியும் நொடியிலும் என்ன நடக்கிறது என்பதை நிலைப்பொறி பார்க்காது. அந்த எல்லை மதிப்புகளுக்கு மட்டும் தனியாக இரண்டு சோதனைகளைக் கையால் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.